சிரிக்க வைத்த கலைஞன் அம்பாங் சாலையில் உறங்குகிறார்: பி.ரம்லியின் வாழ்க்கைப் பயணம்

அம்பாங், மே 29 – கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் நிழல் விழும் தூரத்தில், ஜாலான் அம்பாங் ஓரமாக ஒரு பழைய முஸ்லிம் அடக்கத்தலம் இருக்கிறது. வாகன இரைச்சல் ஓயாத அந்தச் சாலையில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் கடந்து போகிறார்கள். மலேசியர்களை இன, மொழி வேறுபாடின்றிச் சிரிக்கவும் அழவும் வைத்த டான்ஸ்ரீ பி.ரம்லி அங்குதான் 1973-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி அடக்கம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 44.

நடிகர், பாடகர், இசையமைப்பாளர், கதாசிரியர், இயக்குநர் என்று அவரைப் பற்றிப் பேசும்போது பட்டங்களை அடுக்குவது வழக்கம். ஆனால், மேடையில் ஆடப்பட்டு வந்த பாட்டும் கூத்தும் கேலியும் கலந்த நாடகத்தை அழியாமல் திரைக்குக் கொண்டுவந்தவர் என்ற அவரது சிறப்பு அதிகம் பேசப்படுவதில்லை. அந்த நாடகத்திற்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவும், அவரை வளர்த்துவிட்ட கைகளில் இந்தியக் கைகளும் இருந்தன என்பதும் நம் சமுதாயம் அறிந்து வைத்திருக்க வேண்டிய செய்திகள்.

பினாங்கில் பிறந்த சிறுவன்

1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி பினாங்கில் பிறந்தவர் தெக்கு சக்காரியா. தந்தை தெக்கு ஞா புத்தே, சுமத்ராவின் ஆச்சே பகுதியைச் சேர்ந்தவர். கப்பலில் வேலை பார்த்தவர். தாயார் சே மா, செபராங் பிறையைச் சேர்ந்தவர். எளிய குடும்பம். கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளி, பிரான்சிஸ் லைட் பள்ளி, பினாங்கு பிரீ ஸ்கூல் என்று படிப்பு நகர்ந்துகொண்டிருந்த வேளையில் ஜப்பானியர் ஆட்சி குறுக்கிட்டது.

படிப்பு தடைபட்டாலும் இசை தடைபடவில்லை. உக்குலேலே, கித்தார், வயலின் என்று ஒவ்வொரு கருவியாகக் கற்றுக்கொண்டார். போர் முடிந்த கையோடு பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார். 1945-இல் மூன்றாம் பரிசு, 1946-இல் இரண்டாம் பரிசு, 1947-இல் முதல் பரிசு. தந்தையின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை முன்னால் வைத்து பி.ரம்லி என்று மேடைப் பெயரும் சூட்டிக்கொண்டார்.

பினாங்கு அந்தக் காலத்தில் கூத்துக்குப் பெயர்போன ஊர். இந்தியச் சிப்பாய்களின் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் போரியா என்ற தெருப்பாட்டு அங்கேதான் வேரூன்றியது. வேடமிட்ட குழு ஒன்று வரிசையாக நின்று ஆட, தலைவர் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாட, ஊர் நடப்பைக் கேலி செய்யும் கலை அது. அதைவிடப் பெரிய மேடைக்கலையான பங்சாவானும் பினாங்கில்தான் பிறந்தது.

பார்சிக் கூத்திலிருந்து பங்சாவான்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் மலாயாவுக்கு வந்தன. வண்ணத் திரைச்சீலைகள், ஆர்மோனியம், தபேலா, பளபளக்கும் ஆடைகள், இடையிடையே பாட்டு என்று அவர்கள் காட்டிய நாடகம் பினாங்கு மக்களை மயக்கியது. அதே பாணியை மலாய் மொழியில் செய்து பார்க்க முனைந்தவர்களில் முன்னோடி மாமாக் பூஷி என்ற இந்திய முஸ்லிம். 1885-இல் அவர் அமைத்த குழுவே முதல் பங்சாவான் குழுவாகக் கருதப்படுகிறது. பின்னாளில் வந்த பல குழுக்கள் தங்கள் பெயரிலேயே ஓபெரா என்று சேர்த்துக்கொண்டன.

தமிழ் நாடக மேடைக்கும் இதே பார்சிக் குழுக்கள்தான் திரைச்சீலையையும் காட்சி மாற்றத்தையும் கற்றுத்தந்தன. ஆகவே, நம் ஊர் இசை நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பங்சாவான் அந்நியமாகத் தெரியாது. ராஜா, மந்திரி, இளவரசி, பூதம் எல்லாரும் அதிலும் உண்டு. நம் நாடகத்தில் பபூன் வருவதைப் போல அதிலும் ஒரு கோமாளி வந்து ராஜாவையே கிண்டல் செய்துவிட்டுப் போவான்.

பங்சாவானுக்கு எழுதப்பட்ட வசனம் கிடையாது. குழுத் தலைவர் கதையைச் சொல்லுவார். யார் எப்போது வர வேண்டும், எந்த இடத்தில் பாட்டு என்று தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் நடிகரின் வாய்ச்சாமர்த்தியம். ஆயிரத்தொரு இரவுகள், ஷேக்ஸ்பியர், இந்தியக் கதைகள், சீனக் கதைகள் எல்லாம் அந்த மேடையில் மலாய் பேசின. எழுதி வைக்காத கலை என்பதால், நடிகர் மறைந்தால் அவரோடு நாடகமும் மறைந்துவிடும். அதுதான் அந்தக் கலைக்கு இருந்த பெரிய ஆபத்து.

ராஜ்ஹன்ஸ் கேட்ட குரல்

1930-களில் சிங்கப்பூரில் 'லைலா மஜ்னுன்' என்ற முதல் மலாய்ப் படத்தை எடுத்தவர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய இயக்குநர். அதில் நடித்தவர்கள் பங்சாவான் மேடையிலிருந்து வந்தவர்கள். போருக்குப் பின் ஷா சகோதரர்கள் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ் படப்பிடிப்பு நிலையத்தைத் தொடங்கியபோது, ராஜ்ஹன்ஸ் புதுமுகங்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்.

1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த விவசாயக் கண்காட்சியில் ஓர் இளைஞன் தானே இயற்றிய 'அசிசா' பாடலைப் பாடிக்கொண்டிருந்தான். ராஜ்ஹன்ஸ் அங்கே நின்று கேட்டார். சிங்கப்பூருக்கு வரும்படி அழைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் ரம்லி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்.

முதல் படம் 'சிந்தா'. கதாநாயகன் வேடம் கிடைக்கவில்லை. வில்லனாக நடித்தார், கதாநாயகனாக நடித்த ரூமாய் நூருக்குப் பின்னணி பாடினார். முகத்தில் பரு வடு, மெலிந்த உடல் என்று அவரைக் கதாநாயகனாக எண்ணிப் பார்க்கவே பலர் தயங்கிய காலம் அது.

அந்தத் தயக்கத்தை உடைத்தவர் ஒரு தமிழர். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல்.கிருஷ்ணன் 1950-இல் 'பக்தி' படத்தை இயக்கியபோது ரம்லியைக் கதாநாயகனாக்கினார். கதாநாயகனே தன் சொந்தக் குரலில் பாடவும் வைத்தார். அதைத் தொடர்ந்து 'தக்டிர் இலாஹி', 'பெங்ஹிடுப்பான்' ஆகிய படங்களிலும் இருவரும் இணைந்தனர். பினாங்கின் தெருக்களை அறிந்த இரண்டு இளைஞர்கள் சிங்கப்பூரில் சந்தித்ததில் மலாய் சினிமாவுக்கு ஒரு நாயகன் கிடைத்தான்.

இந்திய இயக்குநர்களிடம் கற்ற பாடம்

அக்காலத்தில் ஜாலான் அம்பாஸில் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். எஸ்.ராமநாதன், கே.எம்.பாஸ்கர், பி.என்.ராவ், பணி மஜும்தார் என்று பட்டியல் நீளும். மலாய் மொழி சரளமாகத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. வசனத்தை உதவியாளர்கள் மலாயில் மாற்றித் தருவார்கள்.

ரம்லி நடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவராக இருக்கவில்லை. கேமரா எங்கே வைக்கிறார்கள், விளக்கை எப்படித் திருப்புகிறார்கள், படத்தொகுப்பில் எதை வெட்டுகிறார்கள் என்று எல்லாவற்றையும் கவனித்தார். ஏழு ஆண்டுகள் அப்படிக் கற்றபின் 1955-இல் 'பெனாரெக் பெச்சா' படத்தை இயக்கும் வாய்ப்பு கிடைத்தது. சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் ஏழை ஒருவனின் கதை. நாயகனும் அவரே. தெருவில் நடமாடும் மனிதர்களைத் திரையில் பார்த்த ரசிகர்கள் அந்தப் படத்தைத் தங்கள் படமாக ஏற்றுக்கொண்டனர்.

விருதுகள் தொடர்ந்தன. 1956-இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் பணி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா' படத்தின் இசைக்காகப் பரிசு பெற்றார். 1957-இல் தோக்கியோ விழாவில் 'அனாக்கு சசாலி' படத்திற்காகச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அந்தப் படத்தில் தந்தை, மகன் என இரு வேடங்களில் நடித்திருந்தார். அதை இயக்கியவரும் பணி மஜும்தாரே.

மேடைக் கூத்து திரைக்கு வந்தது

மேலை நாடுகளில் நகைச்சுவை ஓபெராவுக்கு நீண்ட வரலாறு உண்டு. வேலைக்காரன் எஜமானனை ஏமாற்றுவான். பணக்காரக் கிழவன் அவமானப்படுவான். எல்லாம் பாட்டிலேயே நடக்கும். இத்தாலியின் ரொஸினி 1816-இல் மேடையேற்றிய 'செவில் நகரத்து நாவிதன்' அத்தகைய ஒன்று. இப்போது அத்தகைய ஓபெராக்களை மேடையில் நடக்கும்போதே படம்பிடித்து உலகெங்கும் திரையரங்குகளில் காட்டுகிறார்கள்.

பங்சாவானுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. அதன் பொற்காலத்தில் யாரும் மேடை முன் கேமராவை நிறுத்தவில்லை. போருக்குப் பின் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. நடிகர்கள் பிழைப்புத் தேடிப் படப்பிடிப்பு நிலையங்களுக்கு வந்தனர். அவர்களுடைய திறமையை வீணாக்காமல், மேடையின் சாயல் கெடாமல், திரைக்கேற்ப மாற்றித் தந்தவர் ரம்லி.

1959-இல் வந்த 'நுஜூம் பா' பெலாலாங்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோம்பேறியான ஒரு ஏழைத் தகப்பன் வயிற்றுப் பிழைப்புக்காகச் சோதிடன் போல நடிக்கிறான். அரண்மனைப் பொக்கிஷம் திருட்டுப்போகிறது. திருடர்கள் இருவர், ஒருவன் பெயர் உயிர், இன்னொருவன் பெயர் உடம்பு எனப் பொருள்படும். ராஜாவுக்குப் பயந்து தன் உயிரையும் உடம்பையும் எண்ணிச் சோதிடன் புலம்ப, தங்கள் பெயரைத்தான் சொல்கிறான் என்று நடுங்கித் திருடர்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். பொய்ச் சோதிடன் அரசவைச் சோதிடனாகி விடுகிறான். தமிழ்ப் பாட்டிமார்கள் சொன்ன கதைகளிலும் இப்படி ஒரு பொய்ச் சோதிடன் உண்டு என்பதால், இந்தப் படம் நம் வீடுகளிலும் எளிதாக நுழைந்தது. 1960-இல் தோக்கியோ விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமாக அது தேர்வு பெற்றது.

1961-இல் வந்த 'அலி பாபா புஜாங் லாப்போக்' பங்சாவான் மேடையில் காலங்காலமாக ஆடப்பட்ட அலிபாபா கதை. அசிஸ் சத்தார் அலிபாபா. ரம்லி கொள்ளையர் தலைவன். கொள்ளையர் தலைவன் ஏதோ அலுவலக மேலாளரைப் போல ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பான். குகைக் கதவு திறக்க மந்திரத்துக்குப் பதில் ஒரு மலாய்ப் பாந்துன் வேண்டும். பழைய பாக்தாத் கதைக்குள் அன்றைய மலாயாவின் வாழ்க்கை புகுந்து விளையாடியது. கதை தெரிந்ததுதான், அடுத்து என்ன கேலி வருமோ என்றுதான் மக்கள் காத்திருந்தார்கள். பங்சாவான் பார்க்கப் போன கூட்டமும் அப்படித்தான் காத்திருந்தது.

1964-இல் வந்த 'தீகா அப்துல்' இன்னொரு கற்பனை நாட்டில் நடக்கும் கதை. மூன்று சகோதரர்களின் சொத்தை அபகரிக்க நினைக்கும் ஒருவன், தன் மூன்று மகள்களை அவர்களுக்குக் கட்டிக்கொடுத்து, யார் முதலில் கோபப்படுகிறாரோ அவர் தோற்றவர் என்று நிபந்தனை போடுகிறான். மூத்தவர்கள் இருவரும் தோற்க, கோபமே படாத கடைக்குட்டி அவனைக் கோபப்பட வைத்து வெல்கிறான்.

இந்தப் படங்களில் ரம்லியோடு நின்ற எஸ்.ஷம்சுடின், அசிஸ் சத்தார் ஆகியோரையும் மறக்க முடியாது. 1957-இல் 'புஜாங் லாப்போக்' படத்தில் தொடங்கிய மூவர் கூட்டணி அது. 'செனிமான் புஜாங் லாப்போக்' படத்தில் அவர்கள் நடிகராக வேண்டி ஜாலான் அம்பாஸ் வாசலில் நிற்பார்கள். தான் வேலை செய்யும் நிலையத்தையே, அதன் இயக்குநர்களையே கேலி செய்து படம் எடுக்கும் துணிவு ரம்லிக்கு இருந்தது.

அம்பாங் வட்டாரத்துக்கு வந்த கலைஞன்

1964-இல் ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். உடன் வந்தவர் 1961-இல் அவர் மணந்த பாடகி சலோமா. அம்பாங்கை அடுத்த உலு கிள்ளானில் ஹோ ஆ லோக், எச்.எம்.ஷா ஆகியோர் உருவாக்கிய மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையம்தான் அவருடைய புதிய பணியிடம். இன்று தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸ் அமைந்திருப்பது அந்த இடத்தில்தான். மிருகக்காட்சி சாலைக்குப் போகும் அம்பாங் மக்கள் அந்த வாசலைக் கடந்துதான் போகிறார்கள்.

வந்த நேரம் நல்ல நேரமாக இல்லை. ஜாலான் அம்பாஸில் இருந்த கருவிகளும் பழகிய தொழில்நுட்பக் கலைஞர்களும் இங்கே இல்லை. 1963 இறுதியில் மலேசியாவில் தொலைக்காட்சி வந்துவிட்டது. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலால் அந்தப் பெரிய சந்தை அடைபட்டது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. வண்ணப் படங்கள் திரையரங்குகளை நிறைக்கத் தொடங்கிய காலத்தில் மெர்டேக்காவில் கறுப்பு வெள்ளைப் படங்களே தயாராகின.

அப்படியும் அவர் ஓயவில்லை. 1968-இல் 'அஹ்மட் அல்பாப்' படத்தில் மறுபடியும் பழைய மேடைக் கூத்துக்குத் திரும்பினார். குடும்ப மகிழ்ச்சியைப் பற்றித் தான் எதிர்பார்க்காத பதிலைச் சொன்ன மகளை, கோபக்காரப் பணக்காரத் தகப்பன் ஆடு மேய்ப்பவனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறான். அந்த ஏழைக்குப் புதையல் கிடைக்கிறது. ஆனால் அது அஹ்மட் அல்பாப் என்பவருக்கே சொந்தம் என்று காவல் நிற்கும் பூதம் தடுக்கிறது. கடைசியில், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளையே அந்தப் பெயருக்குரியவன். ரம்லியும் சலோமாவும் இணைந்து நடித்த அந்தப் படம் உலு கிள்ளானில் உருவான சிரிப்பு நாடகம்.

அதே 1968-இல் வந்த 'கெரிமிஸ்' நம் சமுதாயம் தனியாக நினைவில் வைக்க வேண்டிய படம். மலாய் ஓவியன் ஒருவனும் லீலா என்ற இந்திய நடனப் பெண்ணும் காதலித்து மணக்கிறார்கள். இரு வீட்டாரும் அவர்களை ஒதுக்குகிறார்கள். ஓவியனாக ரம்லியும் லீலாவாகச் சந்திரா சண்முகமும் நடித்தனர். இரு வீடுகளின் வலியையும் தயக்கத்தையும் ஒரே அளவில் காட்ட முயன்ற கதை அது. மறு ஆண்டு மே மாதத்தில் நாடு கண்ட கலவரத்தை நினைத்துப் பார்த்தால், அந்தப் படம் எவ்வளவு முன்யோசனையோடு எடுக்கப்பட்டது என்பது விளங்கும்.

சிரிப்பு அடங்கிய ஆண்டுகள்

1972-இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படம். மூன்று நாடோடிக் கலைஞர்கள் அரசவைக்குப் போய்ச் சேரும் அந்தக் கதையிலும் பங்சாவான் வாசனை வீசியது. ஆனால் திரையரங்குகளில் கூட்டம் குறைந்துவிட்டிருந்தது. இளைஞர்கள் மேற்கத்திய இசைக்குழுக்களின் பின்னால் போனார்கள். ஒரு காலத்தில் விருதுகளோடு வந்த மனிதருக்குப் புதிய வாய்ப்பு தர ஆள் இல்லை. பண நெருக்கடியும் சேர்ந்துகொண்டது.

1973 மே 29 அன்று மாரடைப்பால் அவர் காலமானார். செய்தி பரவியதும் கோலாலம்பூர் அதிர்ந்தது. படம் பார்க்க வராத கூட்டம் அவரை வழியனுப்ப வந்தது. 66 படங்களில் நடித்து, 34 படங்களை இயக்கி, நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு உயிர் தந்த கலைஞனை ஜாலான் அம்பாங் மண் ஏற்றுக்கொண்டது.

மறைந்தபின் வந்த மரியாதை

அவர் இருந்தபோது கிடைக்காதவை எல்லாம் பிறகு வந்தன. 1982-இல் கோலாலம்பூரின் பெரி சாலை, ஜாலான் பி.ரம்லி ஆனது. செத்தாப்பாக், ஜாலான் டெடாப்பில் அவர் வாழ்ந்த வீடு 1986-இல் நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது. 1990-இல் டான்ஸ்ரீ விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. 2007-இல் அவருடைய வாழ்க்கையே இசை நாடகமாக இஸ்தானா புடாயா மேடையில் அரங்கேறியது. மேடையைத் திரைக்குக் கொண்டுபோனவரின் கதை, மறுபடி மேடைக்கே வந்து சேர்ந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய வாய்ப்பைப் பறித்ததாகச் சொல்லப்பட்ட தொலைக்காட்சிதான் அவரை வாழ வைத்தது. பெருநாள் காலத்திலும் விடுமுறை நாள்களிலும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாயின. தோட்டப்புற வீடுகளிலும், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தன. மலாய் தெரிந்த பேரப்பிள்ளை சொல்லிக்கொடுப்பதற்குள், தெரியாத பாட்டியும் சிரித்துவிடுவார். கூத்துக்கு மொழி தடையில்லை என்பதை அந்த வரவேற்பறைகள் நிரூபித்தன.

சலோமா 1983 ஏப்ரல் 18-ஆம் தேதி மறைந்தார். அவரும் ஜாலான் அம்பாங் அடக்கத்தலத்தில்தான் உறங்குகிறார். 2020-இல் கம்போங் பாருவையும் இரட்டைக் கோபுரப் பகுதியையும் இணைத்துத் திறக்கப்பட்ட நடைப்பாலத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இரவில் வண்ண விளக்குகளோடு ஒளிரும் அந்தப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் பலர்.

அவர்களில் யாரேனும் சிறிது தூரம் நடந்து போய் அந்த அடக்கத்தலத்தின் வாசலில் ஒரு நிமிடம் நின்றால் போதும். பார்சிக் குழு விட்டுச்சென்ற பாட்டை இந்திய முஸ்லிம் ஒருவர் மலாயில் மேடையேற்றினார். அந்த மேடையில் வளர்ந்த நடிகர்களை இந்திய இயக்குநர்கள் படமாக்கினர். சென்னையில் பிறந்த தமிழர் ஒருவர் ஆச்சேக்காரரின் மகனைக் கதாநாயகனாக்கினார். அந்த மகன் எல்லாருக்கும் சேர்த்துச் சிரிப்பைத் தந்துவிட்டுப் போனார். இந்த நாட்டின் கலை ஒருவர் வீட்டுச் சொத்தல்ல என்பதற்கு ஜாலான் அம்பாங்கில் உறங்கும் அந்த மனிதரின் வாழ்க்கையே சான்று.